கிடங்குக்கு மூன்று பூட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

மூத்த மகளின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். கால் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. தம்பிகளோடு போனில் கத்திக்கொண்டே கடையில் பெட்டி இறக்கினேன்; அது காலில் இறங்கிவிட்டது. பயப்படாதீர்கள்.

அப்பா விட்டுப்போன கிடங்கை வாடகைக்கு விட்டு, வரும் பணத்தை உங்கள் பேரப்பிள்ளைகள் தொழில் தொடங்க முதலாக வைப்போம் என்றேன். பெரியவன், "அப்பா பேர்ல மண்டபம் கட்டலாம்" என்கிறான். சின்னவனோ, "உனக்கு எல்லாமே யாவாரம்தான்க்கா. வித்துப் பங்கைப் பிரிச்சுக் குடு" என்கிறான். ஆளுக்கொரு பூட்டுப் போட்டதுதான் நாங்கள் மூவரும் சேர்ந்து செய்த ஒரே வேலை. என் சாவி இங்கே இருப்பதால் ஒழுகும் கூரையைக்கூட யாரும் பார்க்க முடியவில்லை. எரிச்சலாக வருகிறது.

சாவியை இத்துடன் அனுப்புகிறேன். இருவரையும் கூட்டிப்போய்த் திறந்து, அந்த இடம் எதற்கு என்று நீங்களே சொல்லுங்கள். அப்பாவோடு அங்கே மூட்டை தைத்தவர் நீங்கள். மண்டபம் என்றாலும் மறுபேச்சுப் பேசமாட்டேன்.

உங்கள் பழைய நூல்சேலை ஒன்று அனுப்புங்கள். இங்கே போர்வை இருக்கிறது, தூக்கம்தான் வரவில்லை.

லாரி வந்துவிட்டது. பங்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அம்மா. பிரித்துவிட்டால் எனக்குச் சண்டை போடக்கூட அங்கே ஆள் இருக்காது.

உங்கள் மகள்