கடைமடைக்கு ஒரு பூச்சியம்

அன்பான தங்கச்சி பொன்னுத்தாய்க்கு,

உன் வயலுக்குப் பாயாத தண்ணீரைப் பாய்ந்ததாகக் காட்டி, கடைமடையின் அடைப்புப் பலகையை இறக்கிவிட்டார்கள். செய்தவர் நம் வாய்க்கால் சங்கத்தின் புதுச் செயலாளர். தெரியாமல் செய்ததை நான் பொறுத்திருப்பேன். தெரிந்த பிறகும் அப்படியே வைத்திருக்கிறார். அதுதான் குமட்டுகிறது.

நீ கண்மூடிய பிறகு, நீ எழுதி வந்த சங்க நோட்டு இந்த முறையிலிருந்து எக்செல்லுக்கு மாறிவிட்டது. மற்றபடி நீ அறிந்த ஏற்பாடுதான். நம் கிளைக்காலில் இரண்டே மடை. தண்ணீர் விடும் ஒவ்வொரு முறைக்கும் மடை ஒன்றுக்கு முப்பத்தாறு மணி நேரம். முதலில் தலைமடை, பிறகு கடைமடை. பாய்ந்த நேரத்தைப் பதியப் பதிய எக்செல் கூட்டிக்கொண்டே வரும். முப்பத்தாறைத் தொட்டால் கட்டம் சிவக்கும், பலகை இறங்கும்.

தலைமடை தன் பங்கை முழுதாகக் குடித்து முடித்தது. கடைமடை திறந்து இரண்டு மணி நேரத்தில் உன் மகள் முத்துலெட்சுமி ஓடி வந்தாள்.

"மாமா, பலகைய எறக்கிட்டாவ. நமக்கு முப்பத்தெட்டு மணி நேரம் பாஞ்சிட்டாம். மேல்வயலே இன்னும் நனையல."

எட்டாம் வகுப்போடு பேட்டை லேத் பட்டறைக்குப் போனவன் நான். எக்செல்லை அறுபதுக்கு மேல், யாரையும் கேட்காமல், தப்புத் தப்பாகப் போட்டுத்தான் படித்தேன். சங்க அலுவலகத்தில் அந்த எக்செல் கணக்கின் டேட்டா மாடலைத் திறந்ததுமே பிழை தெரிந்துவிட்டது. முந்தைய நாட்களையும் சேர்த்துக் கூட்ட, தேதிவாரியாகப் பிரிக்கும் ஃபில்டரை மட்டும் நீக்கியிருக்க வேண்டும். அவர் முழு அட்டவணையின் ஃபில்டரையும் நீக்கியிருக்கிறார். தேதியோடு, மடைவாரியாகப் பிரிக்கும் ஃபில்டரும் போய்விட்டது. தலைமடையின் முப்பத்தாறும் உன் வயலின் தலையில் ஏறிவிட்டது.

"மொத்தம் சரியாத்தான வருது, அண்ணாச்சி?" என்றார் செயலாளர்.

"யாரு மொத்தம்வே? தலைமடை குடிச்ச தண்ணிய எந்தங்கச்சி வயலு வாந்தியெடுக்கணுமோ?"

அவர் திரையை உற்றுப் பார்த்தார். புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. "சின்னத் தப்புதான். அடுத்த முறைக்குச் சரி பண்ணிக்கிடுவோம். இப்பம் மிச்சத் தண்ணிய தலைமடைக்குத் தொறந்தாச்சுல்லா?"

பக்கத்தில் இருந்த தலைமடைக்காரர்கள் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார்கள். சீ! பிசானப் போகத்து நெற்பயிர் பால் பிடிக்கிற நேரம், தாயி. அடுத்த முறை தண்ணீர் வரும்போது உன் வயலில் நெல் இருக்குமா, பதர் இருக்குமா?

மடை மாறினால் நீ நோட்டில் புதுப் பக்கம் எடுப்பாய். கணக்குப் புதிதாகத் தொடங்க, கடைமடைக்காரியான நீ உன் கையால் மேலே பூச்சியம் போட்ட பிறகுதான் பலகையைத் தூக்க விடுவாய். "வட்டத்தப் போடாம எவனும் பலகையில கை வைக்கப்படாது" என்பாய். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

இனி நடக்க வேண்டியதை உன்னிடமே சொல்கிறேன். படிக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும். செயலாளர் இன்றே அந்த ஃபார்முலாவைத் திருத்தி, ஒவ்வொரு மடைக்கும் தனித்தனியாகக் கூட்ட வைக்க வேண்டும். திருத்தியதைச் சங்கத் தலைவர் இரண்டு மடைக்காரர்கள் முன்னும் போட்டுக் காட்ட வேண்டும். தலைமடைக்காரர்கள் தங்கள் பலகையைத் தாங்களே இறக்க வேண்டும். பாக்கி முப்பத்துநாலு மணி நேரமும் நாளைக் காலை முதல் கடைமடைக்கு ஓட வேண்டும். இனி ஒவ்வொரு முறையும் முத்துலெட்சுமி தன் கையால் பூச்சியம் போட வேண்டும். அதுவரை எவரும் பலகையைத் தொடக் கூடாது.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். விடிந்ததும் கடைமடைச் சுவரில் போய் உட்காருவேன். உன் வயலுக்கு முப்பத்தாறும் நிறையாமல் எழுந்திருக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பூச்சியத்தைப் பார்த்துச் சிரித்த,
உன் கூடப்பிறந்த அண்ணன்.