வயலின் இல்லாத சொனாட்டா

9-11-55, புதன்
மழை. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடக் கூரை ஒழுகல். மூன்றாம் வகுப்பை வராந்தாவுக்கு மாற்றினேன். வயலின் முறுக்காணிகள் ஈரத்தில் இறுகிக் கிடக்கின்றன.

மாலை துரை பங்களா. அவர் சம்சாரம் துரைசாணி பியானோ. திம்புள்ளப் பக்கத்துத் துரை ஒருவர் செல்லோ, முழங்காலிடையே வைத்து இழுக்கும் பெரிய வயலின். வயலின் வாசித்த வெள்ளைக்காரர் கப்பலேறிவிட்டார். அதனால்தான் என் ஞாபகம் வந்திருக்கிறது. நான் வயலின் ஹட்டன் மிஷன் பள்ளியில் கற்றது. சனிக்கிழமை துரைமார் கிளப்பில் கச்சேரி.

இருநூறு வருஷத்துக்கு மேல் பழைய சொனாட்டா. மேலே வயலினுக்கு ஒரு வரி. அடியில் கீழ்ஸ்தாயியில் பேஸ் வரி, அதோடு எண்கள். செல்லோ அந்த வரியை இழுக்கும். பியானோ எண்ணைப் பார்த்துக் கைக்கு வந்ததைச் சேர்க்கும். இரண்டும் என் பின்னால் வருகின்றன. துரைமார் என் பின்னால்!

துரைசாணி: "நீ வா. இங்க நில்லு. வாசி." வேலை வாங்கக் கற்ற தமிழ். அதில் 'நீங்க' கிடையாது.

10, வியாழன்
கொழுந்து பறிக்கும் அக்காவுக்கு அரைப்பேர். மழையில் கொழுந்து நிறை குறைந்ததாம், அரைநாள் சம்பளம்தான். போட்டது எங்கள் தோட்டத்துத் துரை. மாலையில் அதே துரை என் வாசிப்புக்குக் காலால் தாளம். வில்லை அவர் மண்டையில் முறித்திருக்கலாம்.

மெதுவான பகுதியில் தாளில் நாலைந்து ஸ்வரம்தான். நிரப்புவது வயலின்காரன் பொறுப்பாம். காமன் கூத்தில் மன்மதன் எரிந்ததும் ரதி அழுவாளே, அந்த இழுப்பைப் போட்டேன். துரைசாணி கை நின்றது. "அது நல்லது. சனிக்கிழமையும் அது செய்."

சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன்.

11, வெள்ளி
வாங்க: சோப்பு, விளக்குத் திரி, வில்லுக்குப் பிசின்.

கிளப்பில் நம் ஆட்களுக்குப் பின்னால் சமையற்கட்டு வழி, குசினி வழிதான். முன்வாசலில்தான் வருவேன் என்று துரைசாணியிடம் சொன்னேன். "பாக்கலாம்."

அக்கா: "எந்த வாசலா இருந்தா என்னடா? வாத்தியார் வேலை தொர குடுத்தது. வாசிச்சிட்டு வந்து சேரு."
"ஒனக்கு அரைப்பேரு போட்டவன்க்கா."
"அதுக்கு நான் அழுதுக்கிறேன். நீ வேலைய காப்பாத்து."

13, ஞாயிறு
காலையில் துரையிடமிருந்து ஆள் வந்தது. நாளை ஆபீசுக்கு வரவேண்டுமாம்.

நேற்று கிளப் முன்வாசல். பரிமாறுகிற அந்தோனி: "மாஸ்டர், பின்னால வந்துருங்க. ஒங்களுக்குப் புண்ணியமா போகும். என் சீட்டு கிழிஞ்சிரும்."

துரைசாணியே வந்தார். "நீ குசினி வழி வா. ரெண்டு நிமிஷம்."
"இப்படித்தாங்க வருவேன். இல்லாட்டி வாசிக்கல."

முகம் சிவந்தது. திரும்பித் துரையைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

நான் இல்லாமலே ஆரம்பித்தார்கள். செல்லோவும் பியானோவும் மட்டும், மேல் வரி காலி. தூறலில் கார் டிரைவர்களோடு நின்று கேட்டேன். மெதுவான பகுதி. ரதி அழவேண்டிய இடத்தில் துரைசாணி இடம் விட்டுக் காத்திருந்தார். வயலின் பெட்டிமேல் என் விரல்கள் ஓடின, வெட்கமில்லாமல்.

முடிந்தது. உள்ளே பலத்த கைதட்டல்.

பக்கத்தில் நின்ற டிரைவர் பீடியை மிதித்தார். "என்னங்க மாஸ்டர், பாட்டு இன்னும் ஆரம்பிக்கலையா?"