தெரிந்தவர்கள் இருக்கக் கூடாதாம்

பிரேசர் டவுன், பெங்களூர்
ஆகஸ்ட் 1998

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே அம்மா, உன்னோடு வேலை செய்கிறவர்களிடம்கூட வேண்டாம், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. குன்னூர்க் குளிரில் உன் முட்டிவலி எப்படி இருக்கிறதோ, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அப்பாவும் அத்தையும் தூங்கிவிட்டார்கள். உனக்கு எழுதுவது தெரிந்தால் அப்பா என் படிப்பையே நிறுத்திவிடுவார்.

பள்ளியில் இளைஞர் விருதுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். தங்கப் பதக்கம் வேண்டுமென்றால் வெளியூரில் ஐந்து நாள் தங்கிச் சேவை செய்ய வேண்டும், அங்கே நமக்குத் தெரிந்தவர்கள் யாரும் இருக்கக் கூடாதாம். ஓஸ்வால்ட் சார் இடங்களைப் படித்துக்கொண்டே வந்து, குன்னூர், காது கேளாத பிள்ளைகளின் விடுதி என்றதும் என் கை தானாக மேலே போய்விட்டது. நிருபமாவும் தூக்கினாள். சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்க வார்டன் உங்கம்மாதானேம்மா? ரூல் ஒத்துக்காது, நீ குடகுல மரம் நடப் போ" என்று சொல்லிவிட்டார். நிருபமா என் பெஞ்சுக்காரி, நல்ல பெண்தான், ஆனால் இப்போது அவளைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. அதற்குள் புது ஸ்வெட்டர் வாங்கிவிட்டாள். நேற்று என்னிடம், "அம்மான்னு கையால எப்படிக் காட்டணும், சொல்லிக்குடு கணே" என்று கன்னடம் கலந்து கேட்டாள். தெரியாது என்றேன். "உங்கம்மா டெய்லி அதுலதானே பேசறாங்க, சும்மா டூப் விடாதே" என்று சிரித்தாள். அவளுக்குக் குளிருகிறது என்றால் நீ உன் சால்வையை எடுத்துப் போர்த்திவிடுவாய், எனக்குத் தெரியும். தினமும் உன்னோடு இருக்கிற அந்தப் பிள்ளைகள் மேல்கூட எனக்குப் பொறாமையாக இருக்கிறது, பாவம் என்று தெரிந்தும் போகமாட்டேன் என்கிறது.

மாதக் கடைசிவரை பெயரை மாற்றலாமாம். அதனால் சாருக்கு நீயே நாலு வரி எழுது அம்மா. நீ போனபோது நான் மூன்றாவது படித்தேன், இப்போது பதினொன்று. நான் எவ்வளவு உயரம், என்ன சாப்பிடுவேன், எதற்கு அழுவேன், உனக்கு எதுவும் தெரியாதே. தாரணி எனக்குப் பழக்கமில்லாத பெண் என்று நீ எழுதினால் அது பொய்யாகாது. வந்தால் உன்னை மேடம் என்றுதான் கூப்பிடுவேன், ஒரு தடவைகூட வாய் தவறாது. மற்றவர்களோடு வரிசையில் நின்று தட்டை நீட்டுகிறேன், நீ என்னோடு தனியாகப் பேசக்கூட வேண்டாம். பதிலை வீட்டுக்குப் போடாதே, கீழ் வீட்டு ஃபாத்திமா அக்கா பெயருக்குப் போடு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள். என்னை ஆசீர்வாதம் செய், இப்படிக்கு உன்

கதவைத் தட்டுகிறார்கள், அப்பாதான். சாருக்கு மறக்காமல்