கம்பெனி ஷூவோடு ஏறிய மலை

ஒரகடம்,
ஞாயிறு காலை

அன்பு மகள் சுபஸ்ரீக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நேற்று வல்லக்கோட்டை முருகன் கோயிலில் விளக்கேற்றிவிட்டு வந்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே புகுந்து திட்டுவாய், அதனால்தான் எழுதி, பருப்புப் பொடி பார்சலோடு சேர்த்து அனுப்புகிறேன். கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

கொரியாவில் கம்பெனி டிரெயினிங் மூன்று வாரமும் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன் இல்லையா, அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் மறைத்துவிட்டேன். என்னோடு லைனில் ஒயர் செக் பண்ணுகிற ஜாஸ்மினும் வந்திருந்தாள், உன் வயசுதான். லீவு நாளில் ரூமிலேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் அக்கா என்று சொல்லி, பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கிற கியோங்ஜு என்ற பழைய ஊருக்கு என்னைக் கிளப்பிக்கொண்டு போனாள். அந்தக் காலத்து ராஜாக்கள் இருந்த ஊராம், சின்ன ஊர்தான், ஆனால் அவ்வளவு சுத்தம். நடு ஊரிலேயே பச்சைப் புல் மூடிய பெரிய பெரிய மேடுகள், இவள் போட்டோவுக்காக ஒன்றின் மேல் நாலடி ஏறிவிட்டாள். வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார், அப்புறம்தான் தெரிந்தது அது ராஜாவின் சமாதி என்று. நான் கையெடுத்துக் கும்பிட்டேன், அவரும் குனிந்து எனக்கு மரியாதை செய்தார். கொழுக்கட்டைப் பூரணம் மாதிரி உள்ளே வைத்த ரொட்டி விற்றார்கள், சுடச்சுட ஆளுக்கு மூன்று தின்றோம்.

அத்தோடு திரும்பியிருக்கலாம். பக்கத்திலேயே ஒரு மலை, வழியெல்லாம் பாறையில் புத்தரைச் செதுக்கியிருக்கிறார்கள் என்றாள் ஜாஸ்மின். என் முட்டி வலி உனக்குத் தெரியும், ஆனாலும் ஆசை வந்துவிட்டது. எனக்குக் கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ, அவளுக்கு வெள்ளை வெளேரென்று புதுக் கேன்வாஸ். வளைந்து நெளிந்த பைன் மரங்களுக்கு நடுவே ஏறினோம், தலை உடைந்துபோன ஒரு புத்தர் அத்தனை அமைதியாக உட்கார்ந்திருந்தார். உச்சிக்குப் போனதும் கீழே வயலும் ஓட்டு வீடுகளும் தெரிந்தன, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, எதற்குச் சிரித்தேன் என்று இப்போதும் தெரியாது. அங்கே என் வயசுப் பெண்கள் நாலு பேர் பையிலிருந்து வெள்ளரிக்காயை எடுத்து உடைத்து எங்களுக்கும் நீட்டினார்கள்.

இறங்கும்போதுதான் ஜாஸ்மினுக்குக் கால் வழுக்கியது. கணுக்கால் வீங்கிவிட்டது, போனில் சிக்னல் இல்லை, வெயிலும் சாய்ந்துவிட்டது. இன்னா பண்றதுக்கா, கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னத் திருப்பி அனுப்பிடுவாங்களே என்று ஒரே அழுகை. எனக்கும் பயம்தான், ஆனால் நானும் அழுதால் யார் பார்ப்பது? யாராவது வாங்கம்மா என்று மேலே பார்த்துத் தமிழிலேயே கத்தினேன். அந்த நாலு பேரும்தான் ஓடி வந்தார்கள். ஒருத்தி கழுத்துத் துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள், கைத்தடியை என்னிடம் கொடுத்தாள், இரண்டு பேர் இவளைத் தோளில் தாங்கினார்கள். அவர்கள் கொரியன், நான் தமிழ், ஒன்றரை மணி நேரமும் பேசிக்கொண்டேதான் இறங்கினோம். ஆஸ்பத்திரி வரை வந்து, எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று டாக்டர் சொன்ன பிறகே போனார்கள்.

ரூமுக்கு வந்ததும், பாத்ரூம்ல வுழுந்துட்டேன்னு சொல்லிடுக்கா என்று ஜாஸ்மின் கெஞ்சினாள். எனக்கு லைன் லீடர் வேலை தரப்போவதாகப் பேச்சு இருந்ததால் நானும் தடுமாறினேன். ஆனாலும் திங்கட்கிழமை டிரெயினிங் அதிகாரியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். மொழிபெயர்த்த ஸ்ரீதர் தம்பி, ஏன்கா நீங்களே போய் மாட்டிக்கிறீங்க என்று கேட்டுவிட்டு, தயங்கித்தான் அவரிடம் எடுத்துச் சொன்னான். சொல்லாமல் போனது தப்பு என்று அந்த மனுஷர் கண்டித்தார். பிறகு எந்தப் பாதை என்று கேட்டார், அதில் நானே பாதியில் திரும்பி வந்தவன் என்று சிரித்துவிட்டார். ஜாஸ்மினுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார். நேற்று எனக்கு ஆர்டர் வந்துவிட்டது பாப்பா, நாளையிலிருந்து ஃபர்ஸ்ட் ஷிப்டில் பன்னிரண்டு பேருக்கு நான்தான் லீடர்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோது, நீ மட்டும் போவ, பொண்ணு போவக் கூடாதா என்று ஒரே கேள்வி கேட்டார். போன வருஷம் நீ தோழிகளோடு மலையேறப் போகிறேன் என்றபோது, போனால் சாப்பிட மாட்டேன் என்று அழுது உன்னை நிறுத்தினேன். நீயும் டிக்கெட்டை கேன்சல் செய்தாய், இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. நான் பயந்தது அத்தனையும் அன்றைக்கு அந்த மலையில் நடந்தது, நடந்தும் நாங்கள் பத்திரமாகத் திரும்பினோம். நான் உனக்குச் செய்தது தப்பு.

நோய் நொடி இல்லாமல், நல்ல மனுஷர்களோடு நீ நிறைவாக வாழ வேண்டும், முருகன் கூடவே இருப்பான். போன வருஷம் நான் தடுத்த அந்த மலைக்குப் போ. ஏறும் முன் ஒரு மெசேஜ் போடு, இறங்கியதும் ஒன்று போடு, மறக்காதே. நடுவில் நான் கூப்பிட்டாலும் எடுக்காதே, பாதையைப் பார்த்து நட.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா மரகதம்