பார்க்கலாம் என்றால் முடியாது என்று பொருள்

மார்ச் 4

வக்கீலம்மா இன்றும் ரவுண்டானா நடுவில் வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் ஹாரன் அடித்தே கொன்றார்கள். கோர்ட்டில் எதிராளியை அழவைக்கிறவராம், ரிவர்ஸ் கியர் என்றால் கண்ணை மூடிக்கொள்கிறார். எத்தனையோ பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டேன், இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை.

வகுப்புக்கு நடுவிலேயே தேன்குரல் கூப்பிட்டாள். கடன் வசூல் கம்பெனிப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் அது. என் வீட்டுக்காரர் பெயர்ப்பலகைக் கடை வைத்திருந்தபோது மிஷின் வாங்க எடுத்த கடன். கடையை மூடி எட்டு வருஷம் ஆகிறது. மிஷினை அப்போதே பேங்க்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பாக்கி என்று எழுதி வைத்திருந்ததை இந்தக் கம்பெனி விலைக்கு வாங்கியிருக்கிறதாம்.

"உங்களுக்காகவே மேலிடத்துல பேசி பாதியா குறைச்சிருக்கேன் மேடம். இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்."

எனக்காகவாம்! கூடப்பிறந்தவள்கூட என்னிடம் இவ்வளவு பாசமாகப் பேசியதில்லை.

மார்ச் 6

நான் வகுப்பு எடுக்கும் வண்டியின் ஓனர் வந்தார். மகனோடு போய் இருக்கப் போகிறாராம், வண்டியை விற்கிறார். மாசக் கடைசிக்குள் பணம் கொடுத்தால் எனக்கு, இல்லையென்றால் கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கு. அவரைக் குறை சொல்ல முடியாது, முதலில் என்னிடம்தான் சொன்னார்.

இரண்டு பக்கமும் பிரேக் வைத்த வண்டி. இத்தனை வருஷம் வாடகைக்கு எடுத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. இது கைவிட்டுப் போனால் நான் யாருக்கு என்ன கற்றுக்கொடுப்பது? வண்டிக்கென்று சேர்த்த பணம் இருக்கிறது. தேன்குரல் கேட்கும் பாதியும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மார்ச் 9

சண்டை.

கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்கிறார் இவர். கூப்பிடுவார்களே என்று போனை அணைத்தே வைத்திருக்கிறார், யாராவது கதவைத் தட்டினால் உள்ளறைக்குப் போய்விடுகிறார். "எத்தனை நாளைக்குத்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நடக்குறது?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். யாரு குனியச் சொன்னா? நாம என்ன ஊரை ஏமாத்திட்டு ஓடினோமா? பெயிண்ட் கொடுத்த கடைக்காரருக்கு, வேலை செஞ்ச பசங்களுக்கு, மாசாமாசம் கொடுத்து முடிச்சோமில்ல? பேங்குக்கும் அசலுக்கு மேலேயே கட்டியாச்சு. மிஷினையும் எடுத்துக்கிட்டான். அப்புறம் என்ன பாக்கி? வட்டிக்கு வட்டி, அபராதத்துக்கு ஒரு வட்டி— போதும். கை வலிக்கிறது.

அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். கோபத்தில் எனக்கு நன்றாகப் பசிக்கும்.

மார்ச் 12

தேன்குரல் இறங்கி வந்திருக்கிறாள், முப்பத்தைந்து சதவீதம் கட்டினால் போதுமாம். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அவளே கையில் பணம் கொடுத்துவிட்டுப் போவாள் போலிருக்கிறது.

மார்ச் 13

வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டேன். கேட்டதும் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தார். ஆளே மாறிவிட்டார். கடைசியாக எப்போது கட்டினீர்கள், அதற்குப் பிறகு எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா என்று குறுக்கு விசாரணை. எட்டு வருஷமாக ஒன்றுமில்லை என்றேன்.

இவ்வளவு பழைய கடனுக்குக் கோர்ட்டுக்குப் போகும் காலக்கெடு தாண்டியிருக்கும், தள்ளுபடிக்குக் காரணமே அதுதான் என்றார். ஆனால் இப்போது கொஞ்சம் பணம் கட்டினாலோ, கடன் உண்டு என்று எழுதிக் கொடுத்தாலோ, செத்த கடனுக்கு உயிர் வந்துவிடலாமாம்.

"எதையும் கட்டாதீங்க மாஸ்டர். எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. கணக்கை மட்டும் எழுத்துல கேளுங்க."

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பி நேராக நடைபாதையில் ஏற்றினார்.

மார்ச் 16

கணக்கைக் கேட்டேன். தேன் புளித்துவிட்டது. அதெல்லாம் ஆபீஸில் இருக்கிறதாம். பிறகு மெதுவாக ஒரு குண்டைப் போட்டாள். "சார்தான் போன வாரமே ஒத்துக்கிட்டாரே மேடம். ரெக்கார்டு இருக்கு."

வீட்டுக்கு வந்து இவரை உட்காரவைத்துக் கேட்டேன். போனைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்தபோது அவள் பிடித்துக்கொண்டாளாம். "நான் எதையும் ஒத்துக்கலை. பார்க்கலாம்னுதான் சொன்னேன்."

பார்க்கலாம்! கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் பார்க்கலாம், கைமாத்து கேட்டால் பார்க்கலாம். வர மாட்டேன், தர மாட்டேன் என்பதை முகம் கோணாமல் சொல்கிற வார்த்தை. நம் பாஷை பேசுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும், அப்பா பார்க்கலாம் என்றால் பொம்மை கிடையாது என்று. தேன்குரலுக்கு மட்டும் தெரியாதா? தெரிந்தேதான் சம்மதம் என்று எழுதி வைத்திருக்கிறாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இந்த மனுஷனுக்கு முடியாது என்று சொல்ல வாயே வராது. அப்படித்தான் கடையே போனது, பாக்கி வைத்தவர்கள் தவணை கேட்டபோதெல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம்.

வக்கீலம்மாவிடம் போனில் கேட்டேன். அந்தச் சொல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் அடுத்து ஆள் அனுப்புவார்கள், கவனம் என்றார்.

மார்ச் 19

முடியாது என்று சொல்ல இவருக்கு வகுப்பு எடுக்கிறேன். நான் வசூல்காரி, அவர் அவர். "முடியாதுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்கிறார். ரிவர்ஸ் கியரே தேவலை.

மார்ச் 24

வந்துவிட்டான்.

நான் வகுப்பில் இருந்தேன். பக்கத்து வீட்டு டெய்லரக்கா கூப்பிட்டு, யாரோ ஃபைலோடு வந்து மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி கத்துகிறான் என்றார். ஸ்டீயரிங்கில் இருந்தது வக்கீலம்மா. இடம் மாறி உட்காரலாம் என்று வாயெடுப்பதற்குள் கியரை மாற்றி அடித்தார் பாருங்கள், ரவுண்டானாவில் நிற்கவே இல்லை. நான்தான் என் பக்கத்து பிரேக்கில் காலை வைத்தபடி வந்தேன்.

படியேறும்போதே குரல் கேட்டது. நல்லெண்ணத்துக்கு ஒரு சின்னத் தொகை, அதுவும் இல்லையென்றால் ஒரே ஒரு கையெழுத்து, அத்தனை வீட்டுக்காரர்கள் முன்னால் எதற்கு அவமானம் என்று அவன். ஐயோ, இப்போது இவர் அந்த வார்த்தையைச் சொல்லப் போகிறார், சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கப் போகிறார் என்று நினைத்தேன்.

கதவு அகலத் திறந்திருந்தது. இவர் வாசலில் நின்றிருந்தார்.

"கணக்கைக் காட்டுங்க. காட்டாம சல்லிக்காசு தர மாட்டேன். கையெழுத்தும் போட மாட்டேன். முடியாது."

தப்பா நினைச்சுக்காதீங்க என்று ஒட்டுப் போடவில்லை. அவ்வளவுதான். நின்றார்.

அவன் ஃபைலை மூடினான். "அப்ப கோர்ட்ல பார்க்கலாம்."

எங்கிருந்து வந்ததோ, எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவரும் சிரித்தார். டெய்லரக்காவும் என்னவென்றே தெரியாமல் சிரித்தார். நான் சொன்னேன், "பார்க்கலாம்னா என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியும் தம்பி. பார்த்துப் படியிறங்குங்க."

மார்ச் 28

பதினைந்து சதவீதம் என்று ஒரு செய்தி. வக்கீலம்மா எழுத்தில் கேட்டிருந்த கணக்கு மட்டும் வரவில்லை. இனி எத்தனை தடவை வருவார்களோ தெரியாது. வரட்டுமே.

மார்ச் 30

ஓனரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டேன். எண்ணிப் பார்க்காமல் பைக்குள் வைத்தார்.

ஏப்ரல் 5

ஞாயிறு. வகுப்பு இல்லை. காலையிலிருந்து இவர் தெருவில் வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம் என்றதற்கு முறைத்தார். கதவில் என் டிரைவிங் பள்ளியின் பெயர், நீல எழுத்து, ஓரத்தில் மெல்லிய வெள்ளை. மதியம்தான் முடித்தார். எதிர் வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள்.

பெயருக்குக் கீழே போன் நம்பர் எழுதியிருக்கிறார். ஒரு சாண் உயரத்துக்கு ஒவ்வொரு எண்ணும். தெருமுனையிலிருந்தே படிக்கலாம்.

படித்தேன். என் நம்பர் இல்லை, அவருடையது.