வீட்டு விவகாரம்

வாழவந்தி நாடு
9.2.2024

அன்புள்ள மாமாவுக்கு,

அம்சவேணி எழுதுவது. நானும் நம் மகள் யமுனாவும் நலம். பொங்கல் லீவு முடிந்து போனவர் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? மிளகு பறித்துக் காயப் போட்டிருக்கிறேன், இடுப்பு விட்டுப்போச்சு. போன் எடுப்பதில்லை என்று கோபப்படாதீர்கள். இங்கே டவர் இல்லை. லெட்டரே போதும்.

குவார்ட்டர்ஸ் கிடைத்தால் எங்களைக் கூட்டிப்போவதாகச் சொன்னீர்கள். அந்த ராணுவ ஊரில் வெட்டும் குத்தும் அதிகம் என்று பக்கத்து வீட்டுப் பூங்குழலி அக்கா பேப்பர் பார்த்துச் சொல்கிறாள். எட்டு வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அங்கே இருக்கலாமா? உண்மையைச் சொல்லுங்கள். அதைப் பார்த்துத்தான் வருவதா வேண்டாமா என்று முடிவு பண்ணுவேன்.

அம்சவேணி

24.2.2024

அன்பு அம்சாவுக்கு,

பூபதி எழுதிக்கொள்வது. குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. குடும்பம் வருகிறதா என்று ஏப்ரல் 15-க்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஆள் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாய். எங்கள் மிலிட்டரி போலீஸ் ஆபீசில் இருபது வருஷக் குற்றங்களை டைப் அடிக்கும் கிளார்க் நான்தான். கண் பூத்துப்போச்சு. 2009-ல் பதினொரு கொலை. சம்பள வாரம் வந்தால் பஜாரில் சாராயக் கடை முன்னால் கத்திக்குத்து. 2012-ல் லீவு கிடைக்காத ஜவான் ஒருவன் மேலதிகாரியைச் சுட்டான். அப்புறம் ஒவ்வொரு கேட்டிலும் காவல் போட்டு, கேமராவும் வைத்தார்கள். போன வருஷம் மூன்றே கொலை, அதுவும் பஜாரில். காம்பவுண்டுக்குள் பூஜ்யம்.

உள்ளே புருஷன் பெண்டாட்டி சண்டை வரும். அதற்கு இங்கே 'வீட்டு விவகாரம்' என்று பேர். தனி நோட்டில் எழுதி, புத்தி சொல்லி அனுப்பிவிடுவோம். குற்றத்தில் சேராது. பயப்படாமல் வா.

பூபதி

10.3.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அங்க போனா அப்பா இங்க மாதிரியேதான் இருப்பாங்களா அம்மா?" என்று யமுனா கேட்டாள்.

ஒரு உதவி செய்யுங்கள். அந்தத் தனி நோட்டை எடுத்து எண்ணிப் பாருங்கள். போன வருஷம் எத்தனை வீட்டு விவகாரம்?

அம்சவேணி

28.3.2024

அம்சா,

உனக்கு வேறு வேலையே இல்லையா? நாற்பத்தேழு. நான் உட்கார்ந்து எண்ணுவதைப் பார்த்துப் பக்கத்து சீட்டு செந்தில்நாதன் சிரிக்கிறார். இரண்டு பேருக்கு எலும்பு முறிவு, மற்றதெல்லாம் சும்மா கை நீட்டினதுதான். கொலை குறைந்ததை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பொங்கல் லீவில் ஏதோ கோபத்தில் ஒரு அடி. நான் அப்போதே மறந்தாச்சு, நீயும் மறந்துவிடு. போனை எடு. 15-ஆம் தேதி ஞாபகம்.

பூபதி

7.4.2024

மாமாவுக்கு,

நீங்கள் மறந்துவிட்டதால் நானே எழுதுகிறேன். பொங்கலுக்குத் துணி எடுத்துவிட்டு மலை ஏறும் பஸ்ஸில் உங்களுக்கு வாந்தி வந்தது. எழுபது வளைவும் பார்த்து வளர்ந்த மலைக்காரருக்கே வாந்தியா என்று உங்கள் சிநேகிதர் முன்னால் சிரித்துவிட்டேன். ஊட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு இடது கன்னத்தில் விட்டீர்கள். யமுனா உள்ளேதான் இருந்தாள்.

டவர் இல்லை என்று சொன்னது பொய். வாசலிலேயே நாலு கோடு காட்டுகிறது. பழக்கதோஷத்தில் போனை இடது காதில் வைப்பேன், ஒன்றும் கேட்காது. நாமக்கல்லில் காது டாக்டர் சவ்வு கிழிந்திருக்கிறது என்றார். கீழே விழுந்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்களைப் போல நானும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அலுத்துப்போச்சு மாமா.

நாங்கள் வரவில்லை. குவார்ட்டர்ஸை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள். யமுனாவைப் பார்க்க வந்தால் பகலில் வாங்க. வாசலில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகலாம்.

கடைசியாக ஒன்று. இந்த வருஷத்துத் தனி நோட்டில் ஜனவரிப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். பேர் கேட்டால் என் பேரையே போடுங்கள்.

அம்சவேணி