அளக்கத் தெரிந்த பெண்

இன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் கம்மாபுரத்தைத் தாண்டியதும் யாரோ புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். வாட்டிய வாழையிலை வாசனையோடு நீயும் நினைவில் வந்துவிட்டாய். "அதுக்குள்ள பசியா?" என்று அதட்டிவிட்டு, முதல் பொட்டலத்தை நீதானே பிரிப்பாய்.

பிள்ளைகளுக்கு வேலைகளைக் காட்டச் சுற்றிய நம் ஞாயிற்றுக்கிழமைகள் உன் குவார்ட்டர்ஸ் சமையலறையில் தொடங்கின. என்ன ஆகப்போகிறீர்கள் என்று கேட்டால், என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டாக்டர், போலீஸ், மைன்ஸில் பர்மனென்ட் வேலை, இவற்றைத் தாண்டி எதுவும் வரவில்லை என்று அலுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்த நீ தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாய்: "என் வேலைக்குப் பேர் என்னன்னு அதுங்களுக்குத் தெரியுமா? பாக்காத வேலைய எப்படிடி கேக்கும்? கூட்டிகினு வா."

சர்ச்சில் பூசை முடிந்த கையோடு வருவாய். பேக்கரி, தீயணைப்பு நிலையம், அச்சகம் என்று சுற்றினோம். வேலையை விளக்க வந்தவர்களிடம், "சம்பளத்தக் கடைசியில சொல்லுங்க, புடிச்சத மொதல்ல சொல்லுங்க" என்பாய்.

ஒரு ஞாயிறு உன் பக்கத்துவீட்டு சர்வேயர் மைதானத்தில் கருவியை நிறுத்திக் காட்டினார். வகுப்பில் வாயே திறக்காத பவித்ரா அதை விட்டு நகரவில்லை. "நானும் நெலம் அளக்கப் போறேன் டீச்சர்" என்றாள். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை; வீட்டில் அதைச் சொன்னதும் அப்பா நிறுத்திவிட்டார். அவர்கள் நிலத்தில் பெரும்பகுதி சுரங்கத்துக்குப் போயிருந்தது. அளக்க வந்தவர்கள்மேல் அவள் அப்பாவுக்கு இருந்த கோபம் அப்படியே இருந்தது.

அவரைப் பள்ளிக்கு வரச்சொல்கிறேன் என்றேன். "நாம போவோம்" என்றாய்.

"எங்க நெலத்த அளந்து எடுத்துகினு போன வேலைங்க அது. எம் பொண்ணு அதுக்கா போவணும்?" என்று அவர் குமுறியபோது நீ தரையில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாய். அவர் ஓய்ந்தபோது உள்ளிருந்து பவித்ராவின் குரல் வந்தது.

"நம்ம ஊர்ல அளக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லப்பா. அவங்க சொன்னதத்தான கேட்டுகினு நின்னோம்."

அவர் உள்பக்கம் திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு, "அப்ப நம்ம கொல்லைய அளந்து காட்டு, பாப்பம்" என்றார்.

அடுத்த ஞாயிறு வகுப்பே, சுரங்கத்துக்குப் போகாமல் மிஞ்சிய அந்தக் கொல்லையில் கூடியது. டேப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை அவள் அப்பா பிடித்தார். "தொய்யுதுப்பா, இழுத்துப் புடிங்க" என்று அவள் அதட்ட, அவர் வரப்பில் வழுக்கி உட்கார்ந்து சிரிக்க, நீ குடையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாய்.

அவள் பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படிக்கும்போது நீ எங்களை விட்டுப் போய்விட்டாய். இப்போது அவள் சர்வேயர். டீக்கடையில் அவள் அப்பா புதிதாக வருபவர்களிடம் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

நீ இல்லாமல் இதையெல்லாம் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். பிள்ளைகள் விடவில்லை. வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பிள்ளை வந்து நின்றால், இப்போது நான் யாரையும் பள்ளிக்கு வரச்சொல்வதில்லை. நாளைக்கு வளையமாதேவியில் ஒரு வீடு. பையன் சமையல் படிக்க வேண்டும் என்கிறான். அவன் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லையாம். போய் உட்காரப் போகிறேன். அவள் சிரித்து முடிக்கட்டும்.